வகுப்புத்தடை பெற்றவன் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

மேல்பிரிவு

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வயது 27. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். கலைப்பட்டதாரி. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். மலைக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் விடுதியில் நடந்த ஒரு கைகலப்பில் என் பெயரும் அடிபட்டு, ஒழுக்காற்றுக் குழு ஓர் அரையாண்டு வகுப்புத்தடை விதித்தது. தடை முடிந்து திரும்பிப் போனேன், படித்தேன், இரண்டாம் வகுப்பில் சித்தியடைந்தேன். பொலிஸ் வழக்கு எதுவும் இல்லை.

இப்போது சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறேன். பெரிய இலட்சியம் என்று சொல்ல எதுவும் இல்லை. அம்மா வேலையிலிருந்து நின்றபின் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க நான்கு தடவை பஸ் ஏறினோம். தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குறைந்த பெயர், பிறப்புச் சான்றிதழில் சிங்களத்திற்குப் போய்த் திரும்பிவந்த இன்னொரு பெயர். ஐந்தாவது தடவை ஒரு சட்டத்தரணி, மூன்று பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று அரைப் பக்கத்தில் சத்தியக்கடதாசி எழுதித் தந்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 22 ஆண்டுகள் கொழுந்து பறித்த பணம் அந்த அரைப் பக்கத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அந்த அரைப் பக்கத்தை எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கேள்வி இதுதான்: அந்த வகுப்புத்தடையை நான் சொல்ல வேண்டுமா? கூட்டாளிகள் மூன்று பேரில் இரண்டு பேர் வாயைத் திறக்காதே என்கிறார்கள்.

தேயிலைத்தூசி

அந்த இரண்டு பேரோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வாயைத் திறக்காதீர்கள்.

கொழும்பில் பெரிய பாடசாலைப் பிள்ளை ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் அப்பா வந்து புதுக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார், விஷயம் முடிந்தது. நம் பிள்ளை உடைத்தால் கோப்புத் திறப்பார்கள். ஒழுக்காற்றுப் பதிவு என்பது தவறு செய்தவர்களின் பட்டியல் அல்ல. தவறைத் துடைத்துவிட ஆள் இல்லாதவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலை நீங்களே தூக்கிக்கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டுமா? ஓர் அரையாண்டு தண்டனை அனுபவித்தாகிவிட்டது. ஒரே குற்றத்துக்கு எத்தனை தடவை கட்டணம் கட்டுவது?

சத்தியக்கடதாசி

(என் புனைபெயரைப் பார்த்து முதல் பதிவில் என்னைத்தான் சொல்லியிருக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த அரைப் பக்கத்தை மாதத்துக்குப் பத்துத் தடவையாவது எழுதுகிறேன்.)

தம்பி, இரண்டு கதவுகள் இருக்கின்றன. நீங்கள் முதல் கதவைப் பற்றி மட்டும் யோசிக்கிறீர்கள்.

முதல் கதவு சட்டக் கல்லூரி. நுழைவுப் பரீட்சை, மூன்றாண்டுப் படிப்பு, பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி. இத்தனையும் முடித்த பிறகும் நீங்கள் சட்டத்தரணி அல்ல. இரண்டாவது கதவு உயர் நீதிமன்றம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், 40ஆம் பிரிவு: நன்மதிப்பும் தகுந்த அறிவும் ஆற்றலும் உடையவரையே உயர் நீதிமன்றம் சட்டத்தரணியாக ஏற்றுப் பதிவுசெய்யலாம். அறிவையும் ஆற்றலையும் பரீட்சை காட்டிவிடும். நன்மதிப்பு என்ற சொல்லுக்குப் பரீட்சை இல்லை. அங்கே வைத்து யாராவது அந்தப் பழைய கடிதத்தை எடுத்து நீட்டினால் உங்கள் கையில் என்ன இருக்கும்? அதற்கு முன் நீங்களே சொல்லியிருந்தால் அது 21 வயதில் நடந்த ஒரு பிழை. கேட்டபோது இல்லை என்று எழுதியிருந்தால் அது 27 வயதில் சொன்ன ஒரு பொய். நீதிமன்றம் இரண்டாவதைத்தான் பார்க்கும்.

சட்டத்தரணி ஆன பிறகும் முடிந்துவிடுவதில்லை. அதே சட்டத்தின் 42ஆம் பிரிவில் பெயரை நீக்குவதற்கான காரணங்களில் முதலாவதாக நிற்கும் சொல் வஞ்சகம்.

அதற்காகக் கேட்காத இடத்தில் போய்க் கூவச் சொல்லவில்லை. படிவத்தையும் வர்த்தமானி அறிவித்தலையும் வரிவரியாக வாசியுங்கள். எங்கள் காலத்துப் படிவத்தை நினைவில் வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது.

தேயிலைத்தூசி

பார்த்தீர்களா, கடைசிப் பந்தியில் சேர் என் பக்கம் வந்துவிட்டார். கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

சத்தியக்கடதாசி

வரவில்லை. கேட்காதபோது பேசாமல் இருப்பது வேறு, கேட்டபோது மறைப்பது வேறு. நீங்கள் முதலில் எழுதியது இரண்டாவதை.

ஓய்வு அதிபர்

இதில் தலையிடக் கூடாது என்றுதான் இருந்தேன். பொறுக்கவில்லை.

விடுகைப் பத்திரத்தில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு விரல் அகலம். பதினொரு ஆண்டுகள் அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான். மூன்றே சொற்கள்தான் வைத்திருந்தேன்: மிக நன்று, நன்று, திருப்தி. ‘திருப்தி’ என்றால் எனக்குத் திருப்தியில்லை என்று பொருள். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். வாங்கிக்கொண்டு போகும் தாய் தகப்பனுக்குத் தெரியாது. சந்தோஷமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.

ஒரே ஒரு பையனுக்கு மட்டும் ‘கண்காணிப்புத் தேவை’ என்று எழுதினேன். விளையாட்டறைப் பூட்டை உடைத்தான். அவனோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தோட்டத் தலைவரின் மகன். அந்த இருவருக்கும் ‘நன்று’. ஐந்து வருடம் கழித்து அவனுடைய அப்பா வந்தார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலிருந்து நேராக, காலில் சேற்றோடு. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு வேறு பத்திரம் ஒன்று தரமுடியுமா என்று கேட்டார். அதற்கு இடமில்லை என்றேன். தேடிப் பார்த்திருந்தால் இடம் இருந்திருக்கும்.

எனவே தேயிலைத்தூசி சொல்வதில் பாதி உண்மை. எழுதிய கை எனக்குத் தெரியும். ஆனால் மறைத்துவிடு என்று ஒரு பிள்ளைக்கு என்னால் சொல்லமுடியவில்லை. பயம் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்து வைத்தவன் ஒவ்வொரு தபாலுக்கும் திடுக்கிடுவான்.

பொகவந்தலாவையை விட்டவன்

நான் இருப்பது நியூ ஜேர்சியில். ஒரு சட்ட நிறுவனத்தில் கோப்பு வேலை. இங்கே இந்தக் கேள்வி ஒளிந்து விளையாடுவதில்லை. சட்டக் கல்லூரி விண்ணப்பத்திலேயே, எந்தக் கல்லூரியிலாவது உங்கள்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று நேரடியாகக் கேட்பார்கள். படிப்பு முடிந்து தொழில் அனுமதிக்குப் போகும்போது நடத்தையை ஆராயும் குழு அந்தப் பழைய விண்ணப்பத்தைத் தருவித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். ஒழுக்காற்றுத் தண்டனையைப் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு தாள்களும் ஒத்துப்போகாவிட்டால்தான் தொல்லை.

எல்லோருக்கும் தெரிந்த இரண்டு வழக்குகள். ஸ்டீபன் கிளாஸ் என்ற பத்திரிகையாளர் கட்டுரைகளில் இல்லாத ஆட்களையும் நடக்காத சம்பவங்களையும் எழுதி 1998இல் பிடிபட்டார். சட்டம் படித்தார், கலிபோர்னியாவில் பரீட்சையிலும் சித்தியடைந்தார். 2014இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அவரை ஏற்க மறுத்தது. பழைய மோசடி மட்டும் காரணமல்ல. அதற்கு முன் நியூயோர்க்கில் விண்ணப்பித்தபோது பொய்க் கட்டுரைகளின் கணக்கை முழுதாகச் சொல்லவில்லை என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. மற்றவர் டாரா சிமன்ஸ். போதைப்பொருள் உள்ளிட்ட குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தவர். விடுதலையாகிச் சட்டம் படித்தார். வாஷிங்டன் மாநிலத்தின் குழு அவரைப் பரீட்சை எழுத விடவில்லை. 2017இல் அந்த மாநில உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் அவரை அனுமதித்தார்கள். 2020இல் மாநில சட்டமன்றத்துக்கே தெரிவானார். சிறைக்குப் போனவர் உள்ளே, பத்திரிகைக்காரர் வெளியே.

தேயிலைத்தூசி

அண்ணா, அமெரிக்காவில் அந்தச் சிறைக்குப் போனவருக்காக வழக்காட ஆள் வந்தது. தலவாக்கலையிலிருந்து கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு யார் வருவார்கள்? உங்கள் நாட்டு மருந்தை இங்கே கொண்டுவந்து ஊற்றாதீர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். நீதிமன்றத்தில் முதல்தடவை தவறு செய்தவனை, குற்றத்தீர்ப்பு எழுதாமலே நிபந்தனையோடு விட்டுவிட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா? சேர்தான் சொல்ல வேண்டும்.

சத்தியக்கடதாசி

இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 306ஆம் பிரிவு. வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து அப்படி விடலாம்.

தேயிலைத்தூசி

அதுதான் என் வாதம். நீதவானே அழித்துவிடக்கூடிய ஒன்றைப் பல்கலைக்கழகத்துக் குழு கல்லில் வெட்டி வைக்கிறது. அந்தக் குழுவில் எத்தனை பேருக்குச் சட்டம் தெரியும்? பையனுக்காகப் பேச ஒரு சட்டத்தரணியை உள்ளே விட்டார்களா? தம்பி, உங்கள் விசாரணை எத்தனை நிமிடம் நடந்தது?

மழைக்கோட்டு

விசாரணை எத்தனை நிமிடம் என்று பிறகு கேட்கலாம். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

தம்பி, நீங்கள் ‘கைகலப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘என் பெயரும் அடிபட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் என்ன சொல் இருக்கிறது? உங்கள் வார்த்தை வேண்டாம். கடிதத்தில் தட்டெழுதியிருக்கும் வார்த்தை.

ஓய்வு அதிபர்

நல்ல கேள்வி.

தேயிலைத்தூசி

அக்கா, அவர் இங்கே ஆலோசனை கேட்டு வந்திருக்கிறார். குறுக்கு விசாரணைக்கு வரவில்லை.

மழைக்கோட்டு

சட்டத்தரணி ஆகப்போகிறவர். குறுக்கு விசாரணை பழகட்டும்.

மேல்பிரிவு (மூன்றாம் நாள் இரவு)

இரண்டு நாள் எழுதவில்லை. கடிதம் எங்கே என்று தெரியாமல் இல்லை. பிஸ்கட் டின்னில், அம்மாவின் பிரசவ அட்டைக்கு அடியில் இருக்கிறது. லயத்து வரிசைவீட்டுச் சுவரின் ஈரம் ஏறி மடிப்பில் மை ஊறியிருக்கிறது. என் பெயர் இருக்கும் வரியை வாசிக்கமுடியவில்லை. மற்றது தெளிவாக இருக்கிறது.

“புதுமுக மாணவர் ஒருவரைப் பகிடிவதைக்கு உட்படுத்தியமை, உடற்காயம் விளைவித்தமை.”

அவ்வளவுதான். கைகலப்பு என்ற சொல் அதில் இல்லை. அதை ஆறு வருடமாக நான்தான் சொல்லி வருகிறேன். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பையன் அப்புத்தளைப் பக்கம். தோட்டத்துப் பிள்ளை. அவன் வாயைத் திறந்தாலே எனக்கு எங்கள் லயத்துச் சத்தம் கேட்கும். சிரேஷ்ட மாணவர்கள் அவனைத் தோட்டத்துப் பேச்சில் பேசச்சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். கங்காணி எப்படிக் கூப்பிடுவார், துரையிடம் எப்படிக் கைகட்டி நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் அந்தப் பக்கம் நின்றால் என்னை யாரும் அந்தக் கண்ணால் பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணம். ஓர் இரவு அவன் செய்யமாட்டேன் என்றான். என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்களும் அங்கேதானே” என்றான். தள்ளினேன். குளியலறைச் சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் நெற்றி பட்டது. நான்கு தையல்.

தேயிலைத்தூசி அண்ணாவின் கேள்விக்கு: விசாரணை 15 நிமிடம் இருக்கும். யாரும் எனக்காகப் பேசவில்லை. ஆனால் பொய்யாக எதுவும் எழுதப்படவில்லை.

மழைக்கோட்டு

என் தம்பியும் நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியில் தெரிவாகிப் போனவன். எங்கள் பிரிவிலிருந்து முதலாவது ஆள். தோட்டத்தில் காசு சேர்த்து ஒரு பயணப்பை வாங்கிக் கொடுத்தார்கள். பதினாறாவது நாள் அதே பையோடு திரும்பிவந்தான். என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் சொல்லவில்லை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்தால் பல்கலைக்கழகம் என்ற பேச்சு வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவான்.

அவன் நீங்கள் தள்ளிய பையன் அல்ல. ஊரும் வேறு, ஆண்டும் வேறு. ஆனால் தேயிலைத்தூசி அண்ணா, உங்கள் பட்டியலில் என் தம்பிக்கு எந்த இடம்? ‘துடைத்துவிட ஆள் இல்லாதவன்’ என்று இந்தத் தம்பிக்காக இவ்வளவு எழுதினீர்கள். இரண்டு பேரும் ஒரே மலை, ஒரே லயம். ஒருவனுக்குக் கோப்பாவது இருக்கிறது.

1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதைக்குப் பிறகு இறந்தான். அடுத்த ஆண்டு தடைச்சட்டம் வந்தது. 1998, 20ஆம் இலக்கம். பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. சட்டம் வந்து இத்தனை வருடம் கழித்தும் என் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சட்டம் படிக்கப் போகிறவர்கள் முதலில் அந்தச் சட்டத்தைப் படியுங்கள்.

சத்தியக்கடதாசி

சகோதரி சொன்னது சரி. பல்லோ எலும்போ உடைந்திருந்தால் கடுங்காயம் ஆகியிருக்கும். அதே சட்டத்தில் பத்தாண்டு வரை போயிருக்கும். நான்கு தையலோடு நின்றது தம்பியின் நல்லகாலம். அந்தப் பையனின் நல்லகாலமும்தான்.

தம்பி, உங்களுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன். மூன்று நாளுக்கு முன்பு நீங்கள் இங்கே எழுதிய முதல் பதிவு ஒரு சத்தியக்கடதாசியாக இருந்திருந்தால், இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். பொய் என்று உங்களுக்கே தோன்றியிராது. அதனால்தான் பயங்கரம்.

தேயிலைத்தூசி

மழைக்கோட்டு அக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பையனை நான் யோசிக்கவில்லை.

ஆனால் ஒன்றை யாரும் பேசவில்லை. சேர், இந்தத் தம்பி இப்போது ‘தள்ளினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது வாக்குமூலம் இல்லையா? நாளைக்கு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒருவன் பொலிசுக்குப் போனால்? நேர்மையாக இரு என்று கூட்டமாக நின்று தள்ளிவிடுவது சுலபம். விழுகிறவன் அவன். இந்த விவாதத்தில் எல்லோருக்கும் மனச்சாட்சி இருக்கிறது, ஆபத்து ஒருவனுக்குத்தான் இருக்கிறது.

சத்தியக்கடதாசி

இதுவரை நீங்கள் எழுதியதில் மிகப் பெறுமதியானது இதுதான். மறுக்கமாட்டேன். கொலையும் தேசத்துரோகமும் தவிர மற்றக் குற்றங்களுக்கு நம் நாட்டில் பொதுவாக 20 ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். ஆறு ஆண்டுதான் போயிருக்கிறது. எனவே தம்பி, முதலில் இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிவத்தில் கேட்டிருந்தால் குழு என்ன தீர்மானித்தது, என்ன தண்டனை, எப்போது முடிந்தது என்பதை எழுதுங்கள். தீர்மானத்தை மறுக்காதீர்கள், குறைக்காதீர்கள். அதற்குமேல் கதை வேண்டாம். கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மழைக்கோட்டு

ஆகமொத்தம் ‘தள்ளினேன்’ என்ற சொல் எங்கேயும் வராது. வடிவாக இருக்கிறது.

சத்தியக்கடதாசி

சகோதரி, அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் உரிமையுள்ளவர். சட்டம் எல்லோருக்கும் கொடுக்கும் உரிமை அது. உங்கள் தம்பிக்கு அநியாயம் நடந்தது என்பதற்காக இவருடையதைப் பிடுங்கமுடியாது.

மழைக்கோட்டு

பிடுங்கச் சொல்லவில்லை. அந்தச் சொல் எங்கேயும் வராது என்று மட்டும்தான் சொன்னேன்.

ஓய்வு அதிபர்

ஒரு நடைமுறைக் காரியம். கடிதத்தில் பெயர் இருக்கும் வரி அழிந்துவிட்டது என்கிறார். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது? பல்கலைக்கழகத்திடம் உறுதிப்படுத்திய பிரதி கேட்க வேண்டும். எழுத்தர் இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகமும் அதற்குள் அடங்கும். தகவல் அலுவலருக்கு எழுதினால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். ஓய்வூதியக் கோப்பு ஒன்றுக்காக நானே பயன்படுத்தியிருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

பொகவந்தலாவையை விட்டவன்

அதிபர் சேர் சொல்வதோடு ஒன்று. பிரதி வந்ததும் இந்தக் கடிதத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பில் இருப்பதும் கையில் கொடுத்ததும் வேறுபடுவதை இங்கே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாத ஒரு வரி அங்கே இருந்தால் அது உங்களுக்கு முதலில் தெரியவேண்டும்.

மேல்பிரிவு (மூன்று வாரம் கழித்து)

பிரதி வந்தது. அதே இரண்டு வரிதான். கூடுதலாக ஒன்று: ‘மாணவர் தமது தவறை விசாரணையின்போது ஏற்றுக்கொண்டார்.’ எனக்கு அது நினைவே இல்லை. ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கோப்பில் இருக்கட்டும் என்று ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன். சேர், கொஞ்சம் பாருங்கள்:

“பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் கற்கும்போது புதுமுக மாணவர் ஒருவரைப் பகிடிவதைக்கு உட்படுத்தி உடற்காயம் விளைவித்ததாக ஒழுக்காற்றுக் குழு தீர்மானித்தது. விசாரணையில் அதை நான் ஏற்றுக்கொண்டேன். துரதிர்ஷ்டவசமாக ஓர் அரையாண்டு வகுப்புத்தடை விதிக்கப்பட்டது. அதை முழுமையாக நிறைவேற்றினேன். உறுதிப்படுத்திய பிரதி இணைக்கப்பட்டுள்ளது.”

பையனின் பெயரைப் போடவில்லை. பிரதியில் இருக்கும் அவன் பெயரையும் மறைத்துத்தான் பிரதி எடுக்க நினைக்கிறேன். சரிதானா?

சத்தியக்கடதாசி

‘துரதிர்ஷ்டவசமாக’ என்பதை வெட்டுங்கள். மற்றது நன்றாக இருக்கிறது. உறுதிப்படுத்திய பிரதியில் நீங்களே கைவைக்கக்கூடாது. அது வேறு வம்பு. பெயரை மறைத்து இன்னொரு பிரதி தரும்படி பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

மழைக்கோட்டு

பெயரைப் போடாமல் விட்டதற்கு நன்றி. அந்தப் பையன் பட்டம் முடித்தானா என்று உங்களுக்குத் தெரியுமா?

மேல்பிரிவு

முடித்தான் அக்கா. என்னுடைய தடையால் கடைசி ஆண்டில் இரண்டு பாடங்களுக்கு ஒரே வகுப்பில் இருந்தோம். நான் பின்வரிசையில் உட்காருவேன். ஒருநாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

தேயிலைத்தூசி

தம்பி, நான் இன்னும் என் கட்சியிலிருந்து இறங்கவில்லை. படிவத்தில் கேள்வி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை உறைக்குள் வைக்காதீர்கள், பிஸ்கட் டின்னிலேயே இருக்கட்டும். சேர் திட்டட்டும், பரவாயில்லை.

அது எப்படியோ போகட்டும். கடிதத்தின் அடியில் போட்டிருக்கும் உங்கள் பெயர், அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகப் பிரதியில் எப்படி இருக்கிறது?

மேல்பிரிவு

இப்போதுதான் பார்த்தேன். அவர்கள் ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சத்தியக்கடதாசி

சனிக்கிழமை வாருங்கள். அரைப் பக்கம் எழுத வேண்டும்.